மிகப்பெரிய சொகுசுக் கப்பல்களும் மீட்புப் பணியின் எல்லையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் பயண இணைப்பில் அண்மையில் வெளியான, உலகின் மிகப்பெரிய சொகுசுக் கப்பல்களைப் பற்றிய கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இருபது தளங்கள், ஏழு நீச்சல் குளங்கள், ஆறு நீர்ச்சறுக்குகள் என்று கப்பலுக்குள் இருப்பவற்றையெல்லாம் கட்டுரையாளர் சுவைபட விவரித்திருந்தார். ஆனால் அந்தக் கப்பல் சென்று நிற்கும் ஊர்களைப் பற்றியும், நடுக்கடலில் அதற்கு ஓர் ஆபத்து நேர்ந்தால் உதவிக்குச் செல்ல வேண்டியவர்களைப் பற்றியும் அதில் ஒரு வரிகூட இல்லை. சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், விடுபட்ட அந்தப் பகுதியைப் பற்றிச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு திருத்தம். 2024 ஜனவரியில் சேவைக்கு வந்த 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்ற கப்பல் 2,48,663 டன் எடை கொண்டது என்று கட்டுரை கூறுகிறது. அந்த எண் எடையைக் குறிப்பதன்று. கப்பலின் மூடப்பட்ட உள்ளிடங்கள் அனைத்தின் கன அளவையும் எடுத்துக்கொண்டு, 1969ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை வகுத்த சூத்திரத்தின்படி கணக்கிடப்படுவதே கிராஸ் டன்னேஜ் எனப்படும் அந்த அளவு. இதைச் சுட்டிக்காட்டுவதற்குக் காரணம் உண்டு. 1912இல் மூழ்கிய டைட்டானிக்கின் அளவு, அக்காலக் கணக்கின்படி, 46,000 டன்னுக்குச் சற்று அதிகம். இன்றைய கப்பல் ஏறத்தாழ அதைப்போல் ஐந்து மடங்கு. எனினும் டைட்டானிக் நீருக்கு அடியில் பத்தரை மீட்டர் ஆழம் அமிழ்ந்து மிதந்தது. ஐகான் அமிழ்வதோ ஒன்பது மீட்டருக்குச் சற்றே கூடுதல். அதாவது, இந்த நூறாண்டு வளர்ச்சி முழுவதும் நீர்மட்டத்துக்கு மேலும் பக்கவாட்டிலும்தான் நடந்திருக்கிறது. ஆகவே இத்தனை பெரிய கப்பலுக்காகத் துறைமுகத்தைப் பெரிதாக ஆழப்படுத்த வேண்டியதில்லை. சில நூறு பேரை இறக்கிவிடும் கப்பல்களையே பார்த்துப் பழகிய சிற்றூர்களுக்கு முன்னாலும் அது வந்து நிற்க முடிகிறது. இவ்வளவு உயரமான கப்பல் கவிழ்ந்துவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. கவிழாது. கனமான எஞ்சின்களும் தொட்டிகளும் அடியில் இருக்கின்றன. மேலே அடுக்கப்பட்டவை பெரும்பாலும் இலேசான அறைகள். எனது கவலை அதைப் பற்றியதன்று.

இந்தத் தொழில் தொடங்கிய அளவையும் நினைவுகூர வேண்டும். ஜெர்மானியக் கப்பல் அதிபர் ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் வேலையின்றி நின்ற 'அகுஸ்டா விக்டோரியா' என்ற கப்பலை 1891இல் மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணமாக அனுப்பினார். அதில் வெற்றி கண்டவர், உல்லாசப் பயணத்துக்கென்றே 1900இல் கட்டுவித்த கப்பலின் அளவு 4,409 டன். 1970இல் ராயல் கரீபியன் நிறுவனத்தின் முதல் கப்பலான 'சாங் ஆஃப் நார்வே' சுமார் 18,000 டன். ஒரு லட்சம் டன்னை முதன்முதலில் தாண்டியது, 1996இல் வந்த 'கார்னிவல் டெஸ்டினி'. 2009இல் 'ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்' இரண்டேகால் லட்சத்தை எட்டியது. பின்லாந்தின் துர்கு நகரில் கட்டப்பட்ட அந்தக் கப்பல் பால்டிக் கடலிலிருந்து வெளியேற டென்மார்க்கின் பெருநீரிணைப் பாலத்துக்கு அடியில் செல்ல வேண்டியிருந்தது. புகைபோக்கியை உள்ளிழுத்துக்கொண்ட பிறகும், கப்பலின் உச்சிக்கும் பாலத்துக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இடைவெளி இல்லை. பாலத்துக்கு அஞ்சி அளவைக் குறைப்பதற்குப் பதிலாக, உள்ளிழுத்துக்கொள்ளும் புகைபோக்கியைச் செய்தார்கள் என்பதிலிருந்தே இத்தொழில் எந்தத் திசையில் சிந்திக்கிறது என்பது விளங்கும்.

அப்படிச் சிந்திப்பதற்குரிய கணக்கு எளிமையானது. பயணிகள் இரண்டு மடங்கானாலும் கேப்டன் ஒருவரே போதும். கப்பலைச் செலுத்தும் அதிகாரிகளும் எஞ்சின் அறைப் பணியாளர்களும் அதே விகிதத்தில் பெருகுவதில்லை. கப்பல் எவ்வளவு பெரியதோ அவ்வளவு கடைகளையும் அரங்குகளையும் சூதாட்டக் கூடங்களையும் உள்ளே அமைக்கலாம். பயணச் சீட்டுக்கு அப்பால் கப்பலுக்குள் பயணிகள் செய்யும் செலவுதான் இன்று பெரிய நிறுவனங்களின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நடுத்தரக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கடற்பயணம் கிடைப்பதற்கும் இதுவே காரணம் என்பதை மறுக்க மாட்டேன். 2019இல் சுமார் 2.97 கோடியாக இருந்த உலகச் சொகுசுக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கை, பெருந்தொற்றில் அடியோடு சரிந்த பிறகும், 2024இல் 3.46 கோடியாக உயர்ந்திருக்கிறது. மக்கள் விரும்பித்தான் செல்கிறார்கள். அவர்களைக் குறை கூறுவதற்காக இக்கடிதத்தை எழுதவில்லை.

பெரிய கப்பலே அதிகப் பாதுகாப்பானது என்ற வாதத்திலும் ஓரளவு உண்மை உண்டு. 2010 ஜூலைக்குப் பிறகு அடித்தளம் இடப்பட்ட பெரிய பயணிகள் கப்பல்கள் அனைத்தும், ஒரு பகுதியில் தீப்பற்றினாலோ நீர் புகுந்தாலோ, எஞ்சிய பகுதியின் ஆற்றலைக் கொண்டே துறைமுகம் திரும்பும் வகையில் கட்டப்பட வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு விதித்திருக்கிறது. எஞ்சின் அறைகளையே இரண்டாகப் பிரித்து, ஒன்று செயலிழந்தாலும் மற்றது இயங்குமாறு அமைக்கிறார்கள். கப்பலே அதன் தலைசிறந்த உயிர்காப்புப் படகு என்பது இந்த விதியின் பின்னணியில் உள்ள கொள்கை. பொறியியல் நோக்கில் இது சிறந்த கொள்கை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எல்லாம் திட்டப்படி நடந்தால் மட்டுமே அது பலிக்கும். நடக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு 2019ஆம் ஆண்டு நார்வேயில் நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது.

அவ்வாண்டு மார்ச் 23 அன்று, 'வைக்கிங் ஸ்கை' என்ற கப்பல் 1,373 பேருடன் நார்வேயின் மேற்குக் கரையோரம், பாறைகள் நிறைந்த ஹூஸ்தாத்விகா கடற்பகுதியில் கடும் புயலில் சென்றுகொண்டிருந்தது. அதன் அளவு 50,000 டன்னுக்கும் குறைவு. சேவைக்கு வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த புதிய கப்பல். கப்பலின் நான்கு டீசல் ஜெனரேட்டர்களில் ஒன்று ஏற்கெனவே பழுதாகியிருந்தது. மற்ற மூன்றின் மசகு எண்ணெய்த் தொட்டிகளில் எண்ணெய் மட்டம், உற்பத்தியாளர் பரிந்துரைத்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. அலைகளில் கப்பல் ஆடியபோது எண்ணெய் ஒருபுறமாக ஒதுங்கி, பம்புகள் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை இழுத்தன. அழுத்தம் குறைந்ததும் பாதுகாப்புக் கருவிகள் எஞ்சின்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திவிட்டன. கப்பல் முழுவதும் இருளில் மூழ்கி, காற்று தள்ளிய திசையில் பாறைகளை நோக்கி நகர்ந்தது. தரைதட்டுவதற்கு ஏறத்தாழ ஒரு கப்பல் நீளமே மிச்சமிருந்தது என்று நார்வேயின் விபத்து விசாரணை அமைப்பு பின்னர் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர் எவருக்கும் அந்த நிமிடங்களை எண்ணிப் பார்ப்பது கடினமாக இருக்காது.

அந்த அலைகளில் உயிர்காப்புப் படகுகளை இறக்கவே முடியவில்லை. ஹெலிகாப்டர்கள் வந்து, பயணிகளை ஒவ்வொருவராகக் கயிற்றில் கட்டி மேலே தூக்கின. அதே நேரத்தில் அருகில் ஒரு சரக்குக் கப்பலும் செயலிழந்ததால், சில ஹெலிகாப்டர்கள் அதிலிருந்த ஒன்பது மாலுமிகளைக் காப்பாற்றத் திருப்பிவிடப்பட்டன. இரவு முழுவதும் பாடுபட்டு, மறுநாள் காலைக்குள் கரை சேர்க்க முடிந்தவர்கள் 479 பேர்; கப்பலில் இருந்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர். எஞ்சின்கள் மீண்டும் இயங்கியதால்தான் மற்றவர்கள் கப்பலுடனேயே மோல்டே துறைமுகத்தை அடைந்தார்கள். கடல்மீட்பில் உலகிலேயே சிறந்த அமைப்புகளைக் கொண்ட நாடுகளில் ஒன்று, தன் கரைக்கு மிக அருகிலேயே, ஓர் இரவு முழுவதும் முயன்று செய்ய முடிந்தது இவ்வளவு. ஐகான் கப்பலில் முழு அளவில் 7,600 பயணிகளும் சுமார் 2,350 பணியாளர்களும், ஆக ஏறத்தாழ பத்தாயிரம் பேர் செல்லலாம். அதே வேகத்தில் ஹெலிகாப்டர்கள் தூக்கினால் எத்தனை இரவுகள் ஆகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அமைதியான கடலில் படகுகளை இறக்க முடியுமே என்று கூறலாம். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிய 'கோஸ்டா கன்கார்டியா' அமைதியான கடலில்தான் இருந்தது. கரை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதில் இருந்தவர்கள் 4,200க்குச் சற்று அதிகம். மோதியதற்கும் கப்பலைக் கைவிடும் உத்தரவுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கும் மேல் வீணானது; அதற்குள் கப்பல் சாய்ந்துவிட்டதால் ஒரு பக்கத்துப் படகுகளை இறக்குவது பெரும்பாடாயிற்று. 32 பேர் உயிரிழந்தனர். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு அவசரகால ஒத்திகையே நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அப்போதைய விதி இடமளித்தது. அந்த விதி 2015 முதல் திருத்தப்பட்டு, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்டவுடனேயோ ஒத்திகை நடத்தப்பட வேண்டும் என்று ஆகியிருக்கிறது. கேப்டனுக்குப் பதினாறு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்தக் கப்பலைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிய கப்பல்களைக் கட்டலாமா என்ற கேள்வியை அந்த விபத்து எழுப்பவே இல்லை.

உயிர்காப்புப் படகு ஒன்றில் 150 பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்பதுதான் சர்வதேச விதியின் பொது வரம்பு. ஒயாசிஸ் வகைக் கப்பல்களுக்காக, மாற்று வடிவமைப்பு என்ற பிரிவின்கீழ், 370 பேர் அமரும் படகுகள் அங்கீகரிக்கப்பட்டன. பெரிய பயணிகள் கப்பலிலிருந்து 80 நிமிடங்களுக்குள் அனைவரையும் வெளியேற்ற முடியும் என்று காட்ட வேண்டும். அதைக் கணினி மாதிரியின் வழியாகவே காட்டுகிறார்கள். விமானத் துறையில் நிலைமை வேறு. ஏர்பஸ் ஏ380 விமானத்துக்கு 2006இல் அனுமதி பெறுவதற்காக, இருட்டில், பாதிக் கதவுகளை மூடிவைத்து, 873 உயிருள்ள மனிதர்களை 78 விநாடிகளில் வெளியேற்றிக் காட்டினார்கள். பத்தாயிரம் பேரைக் கப்பலில் ஏற்றி அவ்வாறு சோதிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதை ஏற்கிறேன். அப்படியானால், சோதித்துப் பார்க்கவே இயலாத ஓர் எண்ணிக்கையை எவ்வாறு அனுமதிக்கிறோம் என்பதற்கு யாரேனும் பதில் கூற வேண்டும் அல்லவா? ஒரு கப்பலில் இத்தனை பேருக்கு மேல் செல்லக்கூடாது என்று எந்தச் சர்வதேச விதியும் இன்றுவரை கூறவில்லை. கப்பலுக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை விதிகள் நுணுக்கமாகச் சொல்கின்றன. அது செல்லும் பாதையில் உள்ள நாடுகளால் எத்தனை பேரை மீட்க முடியும் என்பதோடு பயணிகளின் எண்ணிக்கையை அவை தொடர்புபடுத்துவதே இல்லை. எனது முக்கியமான குறை இதுதான்.

துறைமுக நகரங்களும் இதே சிக்கலை வேறு வடிவில் எதிர்கொள்கின்றன. வெனிஸ் நகரின் ஜுதெக்கா கால்வாயில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு 2021 ஆகஸ்ட் முதல் தடை விதிக்கப்பட்டது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு பெரிய கப்பல் கட்டுப்பாட்டை இழந்து, துறையில் நின்ற சுற்றுலாப் படகின்மீது மோதியிருந்தது. பார்சலோனா, தன் ஏழு சொகுசுக் கப்பல் முனையங்களை 2030க்குள் ஐந்தாகக் குறைக்க 2025இல் முடிவு செய்தது. இவற்றைப் படிக்கும்போது ஊர்கள் விழித்துக்கொண்டன என்று தோன்றும். ஆனால் எதை எண்ணிக் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை கப்பல்கள் என்று வரம்பு வைத்தால், கிடைக்கும் ஓரிடத்தில் மிகப்பெரிய கப்பலை நிறுத்துவதுதான் நிறுவனத்துக்கு இலாபம். கட்டுப்பாடே பெருங்கப்பலுக்கு ஊக்கமாகிவிடுகிறது. அலாஸ்காவின் ஜூனோ நகரில் இது கண்கூடாகத் தெரிந்தது. சுமார் 32,000 பேர் வாழும் அந்த ஊர், 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்று வரம்பிட்டது. அது போதாது என்று உணர்ந்து, 2026 முதல் நாளொன்றுக்கு 16,000 படுக்கைகள், சனிக்கிழமைகளில் 12,000 என்று, பயணிகளின் அளவையே வரம்பாக்கும் உடன்பாட்டைக் கப்பல் நிறுவனங்களோடு செய்துகொண்டது. கிரேக்கத்தின் சாண்டோரினி தீவும் நாளொன்றுக்கு 8,000 பயணிகள் என்றுதான் வகுத்திருக்கிறது. கட்டுப்பாடு கொண்டுவர நினைக்கும் எந்த நகராட்சியும் கப்பல்களை எண்ணாமல் தலைகளை எண்ண வேண்டும் என்பதற்கு இவையே சான்று.

நகரங்கள் கதவைச் சாத்தத் தொடங்கினால் நிறுவனங்கள் தமக்கென்றே ஊரை உருவாக்கிக்கொள்கின்றன. பஹாமாஸ் நாட்டின் கோகோகே தீவை ராயல் கரீபியன் 2019இல் நீர்ச்சறுக்குப் பூங்காவாக மாற்றியது. கார்னிவல் நிறுவனம் 2025இல் கிராண்ட் பஹாமா தீவில் 'செலிப்ரேஷன் கீ' என்ற தனக்கேயான இறங்குதுறையைத் திறந்தது. அங்கே இறங்கும் பயணி செலவிடும் பணத்தில் பெரும்பகுதி, கப்பலில் செலவிட்டதைப் போலவே, நிறுவனத்திடமே திரும்பச் செல்கிறது. துறைமுக நகரத்துக் கடைக்காரருக்குப் பெருங்கப்பல்களால் பிழைப்பு என்ற பழைய வாதம் இனி எவ்வளவு காலம் நிற்கும் என்பது எனக்குத் தெரியவில்லை.

எரிபொருளைப் பற்றிச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். புதிய கப்பல்கள் திரவ இயற்கை எரிவாயுவில் இயங்குவதால் தூய்மையானவை என்று தங்கள் கட்டுரை குறிப்பிட்டது. கந்தகமும் புகைக்கரியும் குறைகின்றன என்பது மெய். ஆனால் இக்கப்பல்களில் பொருத்தப்படும் குறைந்த அழுத்த எஞ்சின்களில் எரியாத மீத்தேன் ஒரு பகுதி புகைபோக்கி வழியே அப்படியே வெளியேறுகிறது. இத்தகைய எஞ்சின்களை நேரடியாக அளந்து 2024இல் வெளியான ஓர் ஆய்வு, சராசரியாக 6.4 விழுக்காடு கசிவதைக் கண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் அனுமானித்திருந்தது 3.1 விழுக்காடு மட்டுமே. இருபது ஆண்டுக் கணக்கில் மீத்தேன், கரியமில வாயுவைவிட எண்பது மடங்குக்கு மேல் வெப்பமேற்றும் வாயு. பயணி ஒருவருக்கு இவ்வளவு எரிபொருள் மிச்சம் என்று விளம்பரங்கள் காட்டும் கணக்கில் இந்தக் கசிவையும் சேர்க்க வேண்டும்.

பெரிய கப்பலில் ஒரு நோய் பரவினால் என்ன ஆகும் என்பதை 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகஹாமாவில் நிறுத்தப்பட்ட 'டயமண்ட் பிரின்சஸ்' காட்டியது. அதில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. பயணிகள் தத்தம் அறைகளில் அடைபட்டிருக்க, அவர்களுக்கு உணவு கொண்டு சென்ற பணியாளர்கள் நெருக்கமான அறைகளைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்தார்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி ஒரு மாலுமி வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை செய்யலாம். மாதக்கணக்கில் விடுப்பின்றி அந்த வேகத்தில் உழைப்பவர்களே, ஆபத்து வரும்போது பத்தாயிரம் பேரை வரிசைப்படுத்திப் படகேற்ற வேண்டியவர்களும் ஆவர். படகுகளின் எண்ணிக்கையைப் போலவே, ஒத்திகையில் தேர்ந்த, களைப்பில்லாத பணியாளர்களின் எண்ணிக்கையும் பாதுகாப்புக் கணக்கில் சேர வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, பெருங்கப்பல்களைத் தடை செய்ய வேண்டும் என்று நான் கோரவில்லை. ஒரு சில ஐரோப்பியக் கட்டுதளங்களில் அடுத்த பல ஆண்டுகளுக்கான ஆணைகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் சில, இப்போதுள்ள கப்பல்களுக்கு நிகரானவை. அவை கட்டப்பட்டே தீரும். ஆனால் ஒரு கப்பல் எந்தப் பாதையில், எந்தப் பருவத்தில், எத்தனை பேரோடு செல்லலாம் என்பதைத் தீர்மானிக்கும்போது, அந்தப் பாதையில் உள்ள கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர்கள், மீட்புக் கப்பல்கள், கரையில் உள்ள மருத்துவமனைப் படுக்கைகள் ஆகியவற்றின் உண்மையான அளவு கணக்கில் எடுக்கப்பட வேண்டும். துருவக் கடல்களில் செல்லும் கப்பல்களுக்கு 2017 முதல் தனி விதித்தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது; மீட்பு தாமதமாகலாம் என்பதைக் கருதி, குறைந்தது ஐந்து நாள்களுக்கு உயிர்பிழைத்திருக்கத் தேவையானவற்றை அக்கப்பல்கள் கொண்டிருக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. தொலைவு காரணமாக மீட்பு தாமதமாகலாம் என்று ஏற்றுக்கொண்ட சர்வதேசக் கடல்சார் அமைப்பு, எண்ணிக்கை காரணமாகவும் மீட்பு தாமதமாகலாம் என்பதை ஏற்றுக்கொண்டால் போதும்; அதற்கேற்ற விதியை எழுதுவதற்கு முன்மாதிரி ஏற்கெனவே கையில் இருக்கிறது. கடலோர நாடுகளின் அரசுகள் இந்தக் கோரிக்கையை அங்கே எழுப்ப வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புதியதொரு கப்பலின் வெள்ளோட்டத்தைப் பற்றி எழுதும்போது, நீச்சல் குளங்களின் எண்ணிக்கையோடு, அதன் பாதையில் உள்ள மிக அருகிலான மீட்பு நிலையம் எது, அங்கே எத்தனை ஹெலிகாப்டர்கள் உள்ளன என்ற இரண்டு விவரங்களையும் அந்த நிறுவனத்திடம் கேட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் ஒருவர்